வகுப்புக்கு வராதவர்களின் வகுப்பறை

ஆர்ஜென்ரீனாவின் தலைநகரான புவனஸ் அயர்ஸில் உள்ள பல்கலைக்கழகத்திலே, 1966ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆம் திகதி ஆங்கில இலக்கிய வகுப்பொன்று தொடங்கியது. வகுப்பெடுத்தவர் ஹோர்ஹெ லூயிஸ் போர்ஹெஸ். அவருக்கு அப்போது வயது 67. கண்பார்வை அனேகமாக முற்றாகவே போய்விட்டிருந்தது. கையில் குறிப்பு இல்லை. இருந்தாலும் வாசித்திருக்க முடியாது. நினைவிலிருந்தே பேசினார். பழைய ஆங்கிலப் போர்ப்பாடல்களில் தொடங்கி, ஜோன்சன், கோல்றிட்ஜ், பிளேக், டிக்கன்ஸ், பிறவுணிங் என்று வந்து, டிசெம்பர் 14ஆம் திகதி ஸ்ரீவன்சனில் முடித்தார். மொத்தம் 25 வகுப்புகள்.

அந்த வகுப்பிலிருந்த சில மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். புகழ்பெற்ற எழுத்தாளரின் குரலை வருங்காலத்துக்குச் சேமித்துவைக்கும் நோக்கம் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. வேலைக்குப் போகவேண்டியிருந்ததால் வகுப்புக்கு வரமுடியாத சக மாணவர்களும் படிக்கட்டுமே என்பதுதான் நோக்கம். பதிந்ததைக் கேட்டுக் கேட்டு எழுத்தில் பெயர்த்தார்கள். அந்த எழுத்துப் பிரதிதான் பிற்காலத்தில் இரண்டு பதிப்பாசிரியர்களின் கையில் சேர்ந்து, 2000ஆம் ஆண்டில் ஸ்பானிய மொழியிலும் 2013இல் ஆங்கிலத்திலும் நூலாக வந்தது. ஒலிநாடாக்கள் கிடைக்கவில்லை. வேறு வகுப்புகளைப் பதிவுசெய்வதற்காக அவற்றின் மேலேயே பதிந்திருக்கக்கூடும் என்று பதிப்பாசிரியர்கள் கருதுகிறார்கள்.

நேயர்களே, இதைக் கேட்டு நாம் ஆச்சரியப்படத் தேவையில்லை. கசெற் காலத்தில் எத்தனை வீடுகளிலே, ஓரத்துத் துவாரத்தில் கடதாசித் துண்டைத் திணித்து, ஒருவருடைய பேச்சின் மேல் இன்னொருவருடைய பாட்டைப் பதிந்திருக்கிறோம்! நாடாவுக்குக் காசு வேண்டும். முன்னம் பதிந்தது பிறகு யாருக்கு வேண்டியிருக்கும் என்று அந்த நேரத்தில் யார் கண்டது? பிபிசி போன்ற பெரிய நிறுவனமே 1960களிலும் 1970களிலும் தன் தொலைக்காட்சி நாடாக்கள் பலவற்றை அழித்து மறுபடி பாவித்திருக்கிறது.

வீட்டிலிருந்தபடியே பல்கலைக்கழக விரிவுரைகளைக் கேட்டுப் படிப்பதைப் பற்றி இன்று பேசும்போது, அது இணையத்தோடு பிறந்த புதுமை போலவே பலரும் பேசுகிறார்கள். உண்மையில் அதன் கதை நீளமானது. அந்தக் கதையில் திரும்பத் திரும்ப எழும் கேள்வியும் ஒன்றுதான். வகுப்பறைக்கு வராத ஒருவரை யார் நினைத்துப்பார்த்தார்கள்? யாரை நினைக்க மறந்தார்கள்?

பதிவுக் கருவி வருமுன்னர் மாணவனுடைய கையே கருவி. இறையனார் களவியலுக்கு நக்கீரர் சொன்ன உரை ஆசிரியர், மாணவர் என்று பத்துத் தலைமுறை வாய்வழியாகவே வந்து, முசிறி நீலகண்டனார் காலத்தில் எழுத்தானது என்று அந்த உரையே தன் வரலாற்றைச் சொல்லுகிறது. அந்த வரலாற்றை எவ்வளவுக்கு நம்புவது என்பது ஆராய்ச்சியாளர் பாடு. ஆனால் சொன்னவர் ஒருவர், கேட்டவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர் என்ற சங்கிலி உலகத்தில் எல்லா இடத்திலும் உண்டு. ஜெனீவாவில் 1907 தொடக்கம் 1911 வரை மூன்று தடவை மொழியியல் விரிவுரை நடத்திய சொசூர், அதை நூலாக எழுதவேயில்லை. அவர் 1913இல் இறந்த பின்பு, 1916இல், மாணவர்களின் குறிப்புகளை ஒட்டியும் வெட்டியும் நூலாக்கிய இருவரும் அந்த வகுப்புகளில் இருந்து கேட்டவர்கள் அல்லர். இருபதாம் நூற்றாண்டின் மொழிச் சிந்தனை பெரும்பாலும் அந்த நூலின் மேலேயே எழுந்தது.

இவ்வகைக் குறிப்பேடுகளில் எனக்கு மிகப் பிடித்தது மைக்கேல் பரடேயினுடையது. கொல்லரின் மகன், இலண்டனில் புத்தகம் கட்டும் கடையொன்றில் தொழில் பழகிய பையன். பல்கலைக்கழகம் அவனுக்கு எட்டாத தூரம். கட்டுவதற்கென்று வந்த புத்தகங்களை வாசித்தான். ஒரு சிலிங் கட்டணத்தில் மாலைவேளை விரிவுரைகளுக்குப் போனான். அந்தச் சிலிங்கைக் கொடுத்தது தமையன். 1812இல் கடைக்கு வந்துபோகும் வாடிக்கையாளர் ஒருவர் தயவில், றோயல் நிறுவகத்தில் ஹம்பிறி டேவி நிகழ்த்திய இரசாயன விரிவுரைகள் நான்குக்கு நுழைவுச்சீட்டுக் கிடைத்தது. அந்த நான்கையும் கேட்டுக் குறிப்பெடுத்து, வீட்டில் வந்து விரித்தெழுதி, படங்களும் வரைந்து, ஏறத்தாழ 300 பக்கத்தில் ஒரு புத்தகமாகத் தன் கையாலேயே கட்டினான். அதை டேவிக்கே அனுப்பிவைத்தான். 1813 மார்ச் மாதத்தில் அதே நிறுவகத்தில் ஆய்வுகூட உதவியாளன் வேலை கிடைத்தது. மின்சாரத்தின் வரலாறு அங்கிருந்து எந்த வழியில் போயிற்று என்பதைப் பள்ளிக்கூடப் புத்தகங்களில் எல்லாரும் படித்திருப்போம்.

அந்தப் பையன் பேராசிரியராகி, முதுமையில், 1860ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் சிறுவர்களுக்காக மெழுகுவர்த்தியின் இரசாயனத்தைப் பற்றி ஆறு விரிவுரைகள் நிகழ்த்தினான். இம்முறை எழுதியவர் சுருக்கெழுத்தாளர். அடுத்த ஆண்டே அது நூலாயிற்று. இன்றுவரை அச்சிலே இருக்கிறது. தான் கேட்ட விரிவுரையைப் புத்தகமாகக் கட்டியவனுடைய விரிவுரை புத்தகமானது என்பதை, ஒரு சிறுகதையில் எழுதினால் மிகையென்று சொல்லிவிடுவோம்.

வானொலியும் தொலைக்காட்சியும் வந்த பிறகு எழுத்து வேலை குறைந்தது. ஆனால் நேரம் பிடிக்கவேண்டியிருந்தது. 1957 செப்ரெம்பரில் நியூயோர்க் நகரில் அதிகாலை ஆறரை மணிக்குத் தொலைக்காட்சியில் ஒரு பல்கலைக்கழக வகுப்பு ஆரம்பமாயிற்று. 'சூரியோதய வகுப்புத் தவணை' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் புளோயிட் சூலி என்ற விரிவுரையாளர் ஒப்பிலக்கியம் நடத்தினார். முதலில் எடுத்த நூல் ஸ்ரெந்தாலின் 'சிவப்பும் கறுப்பும்'. சில நாளில் அந்த நகரத்துப் புத்தகக்கடைகளில் அந்த நாவல் தீர்ந்துபோயிற்று என்று அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. 1830இல் வெளியான ஒரு பிரெஞ்சு நாவல்! பால் காய்ச்சுகிற நேரத்தில், தூக்கக் கலக்கத்தோடு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து இலக்கியம் கேட்டவர்கள் யாராக இருந்திருப்பார்கள்? பட்டத்துக்காகப் பணம் கட்டிப் பதிந்தவர்களைக் கணக்கெடுக்கலாம். சும்மா கேட்டவர்களைக் கணக்கெடுக்க வழியில்லை. அந்த நிகழ்ச்சி 1982 வரையில் நடந்தது.

பிரித்தானியாவில் இந்த எண்ணம் அரசியலாகவே வந்தது. தொழிற்கட்சித் தலைவராக இருந்த ஹரல்ட் வில்சன் 1963 செப்ரெம்பரில் கிளாஸ்கோ நகரில் பேசும்போது 'வான்வழிப் பல்கலைக்கழகம்' ஒன்றைப் பற்றிச் சொன்னார். கட்சிக்குள்ளேயே பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. அதைத் தோளில் சுமந்து முடித்தவர் ஜெனி லீ என்ற பெண்மணி; சுரங்கத் தொழிலாளியின் மகள். தொழிலாளிகளுக்கென்று இரண்டாந்தரப் படிப்பு ஒன்றைக் கொடுப்பதானால் எனக்கு அது வேண்டாம், கொடுத்தால் மற்றப் பல்கலைக்கழகங்களின் பட்டத்துக்குச் சமமான பட்டம் கொடுக்கவேண்டும் என்பதில் அவர் பிடியாக நின்றார். 1969இல் திறந்த பல்கலைக்கழகத்துக்கு அரச பட்டயம் கிடைத்தது. 1971 ஜனவரியில் பிபிசியில் அதன் ஒளிபரப்புத் தொடங்கியது. நுழைவுத் தகுதி ஒன்றும் கேட்கவில்லை. முதலாண்டிலேயே 20,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள்.

பாடம் முழுவதும் தொலைக்காட்சியில் வந்தது என்று நினைக்கக்கூடாது. தபாலில் வந்த அச்சுப் பாடநூலே அடிப்படை. ஒளிபரப்பு அதற்குத் துணை. ஆனால் சனங்களின் மனதில் தங்கியது ஒளிபரப்புத்தான். காற்சட்டை அகன்ற, தாடி வைத்த விரிவுரையாளர் ஒருவர் கரும்பலகைக்கு முன்னால் நின்று கணிதம் சொல்லுவதை அந்நாட்டுப் பகிடிக்காரர்கள் பல வருடம் பகிடி பண்ணினார்கள். காலம் போக, நிகழ்ச்சிகள் நள்ளிரவு தாண்டிய நேரத்துக்குத் தள்ளப்பட்டன. மாணவர்கள் வீடியோக் கருவியில் நேரம் குறித்துவைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். தூக்கம் வராத முதியவர்களும், இரவு வேலை முடிந்து வந்தவர்களும், பிள்ளைக்குப் பால் கொடுக்க எழும்பிய தாய்மாரும் பட்டம் எதற்கும் பதியாமலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வில்லி றசல் 1980இல் எழுதிய நாடகத்தில் வரும் றீற்றா என்ற சிகையலங்காரப் பெண், திறந்த பல்கலைக்கழக மாணவிதான். படிப்பு அவளுக்கு என்ன கொடுத்தது, அவளிடமிருந்து எதைப் பறித்தது என்ற இரண்டையும் அந்த நாடகம் மறைக்காமல் பேசுகிறது. நம் நாட்டில் நாவலையில் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதும் அதே 1980ஆம் ஆண்டிலேதான். பிபிசியின் அந்த நள்ளிரவு வகுப்புகள் 2006 டிசெம்பரோடு நின்றன.

இதற்கிடையில் அமெரிக்காவில் ஒருவர் விரிவுரையைச் சரக்காக்கினார். தோமஸ் றொலின்ஸ் ஹாவார்டில் சட்டம் படித்த காலத்தில் சாட்சியச் சட்டப் பாடத்தைப் படிக்காமலே விட்டுவிட்டார். பரீட்சை நெருங்கிய பயத்தில், ஏவிங் யங்கர் என்ற பேராசிரியரின் விரிவுரை வீடியோக்களை எடுத்துவைத்துப் பத்து மணித்தியாலம் பார்த்தார். சலிக்கும் என்று நினைத்தது சுவையாக இருந்தது; பரீட்சையும் வென்றார். பிறகு அமெரிக்க மூதவைக் குழுவொன்றில் உயர் பதவி வகித்து, அதைவிட்டு விலகி, 1990இல் நல்ல விரிவுரையாளர்களைத் தேடிப்பிடித்துப் பதிந்து கசெற்றாகத் தபாலில் விற்கும் கொம்பனி ஒன்றை ஆரம்பித்தார். கார் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களும் இளைப்பாறியவர்களும் வாங்கினார்கள். விலை சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுபடியாகாதது. ஆனாலும் அந்நாட்டுப் பொதுநூலகங்கள் வாங்கிவைத்ததால் காசில்லாதவருக்கும் கொஞ்சம் கிடைத்தது. பரீட்சையும் பட்டமும் இல்லாமல், கேட்பதற்காகவே விரிவுரை கேட்க ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை வியாபாரியே நிரூபித்துக் காட்டவேண்டியிருந்தது.

இலவசம் பிறகுதான் வந்தது. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம் தன் பாடங்களின் குறிப்புகளை இணையத்தில் யாவருக்கும் திறந்துவைக்கப்போவதாக 2001 ஏப்பிரலில் அறிவித்தது. தொடக்கத்தில் அவை பெரும்பாலும் எழுத்துக் குறிப்புகளே. முழு விரிவுரைப் பதிவுகள் மெல்லத்தான் சேர்ந்தன. 2007இல் கலிபோர்ணியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகம் முழு வகுப்புகளையும் யூரியூப்பில் ஏற்றியது. அதே ஆண்டு டிசெம்பரில் யேல் பல்கலைக்கழகம் ஏழு பாடங்களோடு தொடங்கியது. இந்தியத் தொழினுட்பக் கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் என்.பி.ரி.ஈ.எல். திட்டமும் அதற்குச் சிறிது முன்பே தொடங்கிவிட்டது. அதில் பொறியியலே அதிகம்.

இலக்கிய நேயர்களுக்கு யேலின் தொகுதியைத்தான் முதலில் சொல்லுவேன். நவீன கவிதை, மில்ரன், தாந்தே, தொன் கிஹோத்தே, 1945க்குப் பின்னரான அமெரிக்க நாவல், இலக்கியக் கோட்பாடு என்று ஒவ்வொன்றும் ஒரு தவணைக்குரிய முழுப்பாடம். வகுப்பறையின் இருமலும் சிரிப்பும் கேட்கும். ஒளிப்பதிவு மட்டுமல்லாமல், ஒலி தனியாகவும், பேசியதெல்லாம் எழுத்தாகவும் வைத்திருக்கிறார்கள். இணையத்துக்குக் காசு கணக்குப் பார்த்துக் கட்டுகிற வீடுகளுக்கு ஒலி மட்டும் என்பது பெரிய சலுகை. ஆங்கிலம் காதில் பிடிபடாதவருக்கு எழுத்து அதைவிடப் பெரிய சலுகை. இலண்டனில் 1597இலிருந்து பொதுமக்களுக்கு இலவச விரிவுரை நடத்திவரும் கிரஷாம் கல்லூரியும் தன் பதிவுகளைத் திறந்தே வைத்திருக்கிறது. தேடுகிறவர்கள் பேச்சாளரின் பெயரைவிடப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் பாடத்தின் பெயரையும் வைத்துத் தேடினால் துண்டுதுணுக்குகளில் சிக்காமல் முழுத்தொகுதியை அடையலாம்.

ஆனால் இணையத்தில் ஏறியது என்றைக்கும் அங்கேயே இருக்கும் என்று எண்ணியவர்களுக்கு 2017இல் ஓர் அதிர்ச்சி. பேர்க்லிப் பல்கலைக்கழகம் தான் வைத்திருந்த 20,000க்கு மேற்பட்ட ஒலி, ஒளிப் பதிவுகளை அந்த ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து பொதுமக்கள் பார்வையிலிருந்து எடுத்தது. பல்கலைக்கழகத்துக்குள் இருப்பவர் மட்டுமே பார்க்கலாம் என்று ஆக்கியது.

காரணத்தைப் பொறுமையாகப் பார்க்கவேண்டும். செவிப்புலன் இழந்தோருக்கான கலோடெற் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர், இந்தப் பதிவுகளிற் பெரும்பாலானவற்றில் பேச்சு எழுத்தாகத் திரையில் வரவில்லை, ஆகவே எங்களைப் போன்றவர்களால் படிக்க முடியவில்லை என்று முறையிட்டார்கள். அமெரிக்க நீதித் திணைக்களம் விசாரித்து, 2016 ஓகஸ்டில் அந்த முறைப்பாடு சரியென்று கண்டது. பல்கலைக்கழகம் செலவைக் காரணம் காட்டியது. பழைய பதிவுகளுக்கு எழுத்து ஏற்றுவதைவிட அவற்றை மூடுவதைத் தெரிந்துகொண்டது.

உலகெங்கும் வீட்டிலிருந்து கேட்டவர்களுக்கு ஆத்திரம். அந்த ஆத்திரத்தில் பாதி, முறையிட்ட செவிப்புலனற்றோர் மேலேயே பாய்ந்தது. இரண்டு பேருக்காக எல்லாருடைய படிப்பையும் கெடுத்துவிட்டார்கள் என்று எழுதினார்கள். எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. அவர்கள் பதிவுகளை எடுக்கச் சொல்லவில்லை; தாங்களும் படிக்க வழி கேட்டார்கள். வகுப்புக்கு வரமுடியாதவனை நினைத்துத் தொடங்கிய ஒரு காரியத்தில், வந்தாலும் கேட்கமுடியாதவனை மறந்துபோனது முறையிட்டவர்களின் குற்றமாகாது. இலவசமாகக் கொடுத்ததைப் பறித்துக்கொள்ளவைத்த சட்டம் கொஞ்சம் அவகாசம் கொடுத்திருக்கலாம் என்று சொல்பவர்களின் பேச்சிலும் உண்மை உண்டு. பதிவுகள் மூடப்படுமுன் சில ஆர்வலர்கள் ஆயிரக்கணக்கில் பிரதியெடுத்து வேறிடத்தில் வைத்தார்கள். அவற்றிலும் எழுத்து இல்லை.

வழி இருந்தது என்பது பிறகு தெரிந்தது. இதே குறைக்காக ஹாவார்டின் மேலும் மசாசூசெற்ஸ் நிறுவகத்தின் மேலும் 2015இல் வழக்குப் போட்டிருந்தார்கள். ஒன்று 2019இலும் மற்றது 2020இலும் இணக்கத்துக்கு வந்து, திரையெழுத்துச் சேர்க்க ஒப்புக்கொண்டன. பேர்க்லியும் 2022இல் நீதித் திணைக்களத்தோடு நீதிமன்ற உடன்பாட்டுக்கு வந்தது. பிறகு எழுத்துப் போடும் வேலையைக் கணினியே ஓரளவுக்குச் செய்யப் பழகிவிட்டது. பெயர்ச்சொற்களில் மட்டும் தடுமாறும். 1966இல் போர்ஹெஸ் சொன்ன பழைய ஆங்கிலப் பெயர்களையும் ஸ்கண்டினேவியப் பெயர்களையும் அந்த மாணவர்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்துப் பதிப்பாசிரியர்களைப் படாத பாடு படுத்தினார்களாம். அதே தடுமாற்றந்தான்.

செலவைத் தவிர வேறு காரணத்துக்காகவும் பதிவுகள் மறைந்ததுண்டு. மசாசூசெற்ஸ் நிறுவகம் 2014 டிசெம்பரில் தன் மிகப் பிரபலமான பௌதிகவியல் விரிவுரைகளை எடுத்துவிட்டது. அந்தப் பேராசிரியர் இணையவழி பாலியல் தொந்தரவில் ஈடுபட்டதாக நிறுவகம் முடிவு செய்தது. தொந்தரவுக்கு உள்ளானவர் இணையத்தில் பாடம் படித்த ஒரு பெண். பாடம் நல்ல பாடந்தானே, ஏன் எடுக்கவேண்டும் என்று அப்போதும் பலர் கேட்டார்கள். வீட்டிலிருந்து படிக்கிறவள் எத்தனை ஆயிரம் மைல் தூரத்தில் இருந்தாலும் மாணவிதான் என்று அந்த நிறுவகம் எண்ணியது எனக்குச் சரியாகவே படுகிறது.

போர்ஹெஸிடம் திரும்புவோம். புவனஸ் அயர்ஸ் வகுப்புகளுக்கு அடுத்த ஆண்டு, 1967இல், அவரை ஹாவார்ட் பல்கலைக்கழகம் அழைத்தது. 1968 வரையில் கவிதையைப் பற்றி ஆறு விரிவுரைகளை ஆங்கிலத்தில் நிகழ்த்தினார். ஆங்கிலம் அவருக்குத் தந்தைவழிப் பாட்டியிடமிருந்து வந்த மொழி. அங்கேயும் கையில் குறிப்பில்லை. உருவகம், கதை சொல்லுதல், மொழிபெயர்ப்பு என்று விரியும் பேச்சிலே பழம்பாடல் வரிகளை நினைவிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டே போகிறார். அங்கே நாடாக்களை யாரும் அழிக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. முப்பது வருடத்துக்கு மேல் நூலகத்தின் பாதுகாப்பறையில் கிடந்தன. கண்டெடுத்து, எழுத்தில் பெயர்த்து, 2000ஆம் ஆண்டில் நூலாக்கினார்கள். புவனஸ் அயர்ஸ் மாணவர்களின் பிரதி நூலான அதே ஆண்டு.

ஹாவார்ட் விரிவுரைகளின் ஒலிப்பதிவும் வெளிவந்திருக்கிறது. நிதானமான, சற்றே தயங்கும் குரல். சொல் ஒன்றைத் தேடி நின்று, கிடைத்ததும் வேகமெடுக்கும். காது கேளாதவருக்கு அதே ஆறு விரிவுரைகளும் அச்சுப் புத்தகமாக உண்டு. வேலைக்குப் போன தோழர்களுக்காகப் பதியப்பட்ட அந்த 25 வகுப்புகளை மட்டும் நாமும் வாசிக்கத்தான் முடியும்.